மருத்துவமனைக் கணக்கும் கிராமத்தின் பங்கும்

கணக்கு வைத்தல் நம் கிராமங்களுக்குப் புதிய வழக்கமன்று. எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பது அடங்கலில் எழுதப்படுகிறது. பிறப்பும் இறப்பும் பதிவு செய்யப்படுகின்றன. பால் கூட்டுறவுச் சங்கத்தில் யார் வீட்டுப் பால் எத்தனை லிட்டர், அதில் கொழுப்புச் சத்து எவ்வளவு என்பது காலையிலும் மாலையிலும் குறிக்கப்படுகிறது. இவ்வாறு எழுதி வைப்பதனால்தான் குறை நேர்ந்தவிடத்து அது எங்கே நேர்ந்தது என்பதைக் கண்டறிய முடிகிறது.

ஆனால் நம் உயிரோடு தொடர்புள்ள ஒரு கணக்கைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. நோய் தீர மருத்துவமனைக்குச் சென்றவர், அங்கே புதிதாகப் பெறும் நோய்களைப் பற்றிய கணக்கு அது. அக்கணக்கு எதற்காக வைக்கப்படுகிறது, எவ்வாறு வைக்கப்படுகிறது, அதில் கிராமத்தாராகிய நமக்கு என்ன பங்கு உண்டு என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சிகிச்சைக்குச் சென்ற இடத்தில் வரும் நோய்

மருத்துவமனை நோயாளிகள் ஒருங்கே கூடும் இடம். ஆகவே நோய்க் கிருமிகளும் அங்கே கூடுவது இயல்பு. ஒரு படுக்கையில் உள்ளவரைத் தொட்ட கை, கழுவப்படாமல் அடுத்த படுக்கையில் உள்ளவரைத் தொடுமாயின், அக்கையோடு கிருமியும் செல்கிறது. நரம்பில் செலுத்திய ஊசிக் குழாய், சிறுநீர் வெளியேறுவதற்காகப் பொருத்திய குழாய், மூச்சு விட உதவும் குழாய், அறுவைச் சிகிச்சையால் உண்டான புண் ஆகிய நான்கும் கிருமிகள் உடலினுள் நுழையும் முக்கிய வாயில்கள். உடலின் இயற்கையான காப்பு தோல். அதைத் திறந்து சிகிச்சை செய்யும்போதெல்லாம் இந்த ஆபத்து உடன் நிற்கிறது.

மருத்துவமனையில் சேரும்போது இல்லாதிருந்து, சேர்ந்து 48 மணி நேரத்திற்குப் பின் தோன்றும் தொற்றைப் பொதுவாக மருத்துவமனையில் பெற்ற தொற்று எனக் கொள்வர். அறுவைச் சிகிச்சைப் புண்ணுக்கு மட்டும் இந்த எல்லை நீளமானது. சிகிச்சை நடந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் புண்ணில் சீழ் பிடித்தால் அதுவும் மருத்துவமனைக் கணக்கைச் சேர்ந்ததே. எலும்பில் தகடு போன்ற பொருள்களை உள்ளே பொருத்திய சிகிச்சைகளில் இது 90 நாட்கள் வரையிலும் நீளும். இந்த 30 நாள் என்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் முக்கியமான செய்தி அதனைச் சார்ந்தே நிற்கிறது.

இந்நோய் எந்த அளவுக்குப் பரவியுள்ளது? உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, செல்வ நாடுகளில் மருத்துவமனைகளில் சேரும் 100 நோயாளிகளுள் 7 பேரும், வருவாய் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் 15 பேரும் குறைந்தது ஒரு தொற்றையேனும் மருத்துவமனையில் பெறுகின்றனர். அவ்வாறு பெற்றவருள் பத்தில் ஒருவர் இறக்கின்றனர். ஆகவே இது எங்கோ ஓரிடத்தில் எப்போதோ நேரும் விபத்தன்று. எல்லா நாடுகளிலும் எல்லா நாளும் நிகழ்வது.

கணக்கு காத்த உயிர்கள்

இத்தகைய கணக்கின் பயனை உலகுக்கு முதன்முதல் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்னும் டாக்டர். அவர் ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவில் பெரிய பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் பணியாற்றி வந்தார். அங்கே இரண்டு பிரசவக் கூடங்கள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். மற்றதில் மருத்துவச்சிகள் பயின்றனர். இரண்டும் ஒரே மருத்துவமனையைச் சேர்ந்தவை. ஆயினும் 1841 முதல் 1846 வரையுள்ள ஆண்டுகளில், மாணவர் கூடத்தில் 100 தாய்மாருள் ஏறத்தாழ 10 பேர் பிரசவத்துக்குப் பின் இறந்தனர். மருத்துவச்சியர் கூடத்தில் இறந்தவர் 4 பேருக்கும் குறைவே. முதற் கூடத்தில் சேர்க்க வேண்டாமென்று பெண்கள் அழுது மன்றாடினர். அவ்விடம் செல்வதைவிடத் தெருவிலே பெற்றெடுப்பது மேல் என்று நினைத்தவரும் உண்டு.

இரண்டு கூடங்களின் கணக்கும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தமையால்தான் இந்த வேற்றுமை புலப்பட்டது. ஸெம்மல்வைஸ் காற்று, உணவு, நெரிசல் என்று ஒவ்வொரு காரணமாக ஆராய்ந்து தள்ளினார். 1847-ம் ஆண்டில் அவருடைய நண்பரான டாக்டர் ஒருவர், பிரேத பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட குறிகள், இறந்த தாய்மார் உடல்களில் கண்ட குறிகளையே ஒத்திருந்தன. உண்மை விளங்கிற்று. மாணவர்கள் பிரேத பரிசோதனை அறையிலிருந்து நேரே பிரசவக் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தனர். நோயைக் கொண்டுவந்தது அவர்களுடைய கைகளே.

அவ்வாண்டு மே மாதத்தில், கூடத்தில் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டுமென்று அவர் ஆணையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18-க்கு மேலிருந்த மரணம், ஜூனில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது நிலைநாட்டப்படாத காலம் அது. கிருமியைக் காணாமலே, கணக்கைக் கொண்டு மட்டும் நோயின் வழியை அடைத்தார் அவர்.

எனினும் அவருக்கு உடனே புகழ் கிட்டவில்லை. டாக்டர்களின் கைகளே நோயைப் பரப்பின என்பதை அக்காலத்து டாக்டர்கள் பலர் ஏற்க மறுத்தனர். 1849-ல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. 1865-ல் மனநோய் விடுதியொன்றில் அவர் இறந்தார். கணக்கு உண்மையைச் சொல்லும்போது அதைக் கேட்கும் மனமும் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

மருந்து வலிமை குன்றுதல்

இருபதாம் நூற்றாண்டில் கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் வந்தன. டாக்டர்கள் ஆன்டிபயாடிக் என்று வழங்கும் மருந்துகள் இவை. 1928-ல் அலெக்ஸாண்டர் பிளெமிங் கண்ட பெனிசிலின், 1940-ம் ஆண்டுகளில் வழக்கத்துக்கு வந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. இனிக் கிருமிகளைப் பற்றிய அச்சமில்லை என்று பலர் எண்ணினர். ஆனால் 1945-ல் நோபல் பரிசு பெற்ற சமயத்தில் பிளெமிங் தாமே ஓர் எச்சரிக்கை விடுத்தார். கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவில் மருந்தைத் தருவதனால், அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் உருவாகும் என்பதே அது. அவ்வாறே நிகழ்ந்தது. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளை அடக்க 1959-ல் மெதிசிலின் என்னும் மருந்து வந்தது. அதற்கும் அடங்காத கிருமியை 1961-லேயே இங்கிலாந்தில் கண்டனர்.

இதனை நம் உழவர்களுக்கு விளக்குதல் எளிது. பருத்தியில் காய்ப்புழுவைக் கொல்ல ஒரே பூச்சி மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் நேரில் கண்டவர்கள். முதலாண்டில் புழுக்கள் பெரும்பாலும் மடியும். மடியாமல் எஞ்சிய சில புழுக்கள் பெருகும். அவற்றின் சந்ததிக்கு அம்மருந்து ஏறாது. சில ஆண்டுகளில் எவ்வளவு தெளித்தாலும் பயனில்லாமற் போகும். கிருமிகளின் கதையும் இதுவே. ஒரே வேற்றுமை, புழுவுக்கு ஒரு தலைமுறை கழிய வாரக் கணக்கில் நாளாகும். கிருமியோ தக்க சூழ்நிலையில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். மேலும், மருந்தை எதிர்க்கும் தன்மையை ஓரினக் கிருமி மற்றோரினக் கிருமிக்குக் கொடுக்கவும் வல்லது.

மருந்துகள் மிகுதியாகப் பயன்படும் இடமாதலால், அவற்றுக்கு அடங்காத கிருமிகள் தேறி நிற்கும் இடமும் மருத்துவமனையே. ஆகவே மருத்துவமனையில் பெறும் தொற்றும், மருந்துக்கு அடங்காமையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. கை கழுவாமையால் தொற்று பரவுகிறது. தொற்றுக்கு மருந்து மிகுதியாகக் கொடுக்கப்படுகிறது. மருந்து மிகுதியால் அடங்காத கிருமி பெருகுகிறது. பின்னர் அதுவே பரவுகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-ம் ஆண்டில் சோதனைச்சாலைகளில் உறுதி செய்யப்பட்ட பாக்டீரியாத் தொற்றுகளில் ஆறில் ஒன்று மருந்துக்கு அடங்காததாக இருந்தது. இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியில் இது மூன்றில் ஒன்று.

நம் நாட்டுக் குழந்தைகளின் கணக்கு

நம் நாட்டில் இதன் கொடுமையை எடுத்துக் காட்டிய ஆய்வு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். டில்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங் குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கண்காணித்துக் கணக்கெடுத்தனர். 2016-ல் வெளியான முடிவு திடுக்கிடச் செய்வது. இக்குழந்தைகளுள் நூற்றுக்கு 14-க்கும் மேற்பட்டவற்றுக்கு இரத்தத்தில் கிருமி பரவும் நோய் கண்டது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பிறந்து 72 மணி நேரத்திற்குள்ளேயே வந்தவை. மிகுதியாகக் காணப்பட்ட அசினெட்டோபாக்டர் என்னும் கிருமியில் நூற்றுக்கு 82 பங்கு, பல வகை மருந்துகளுக்கு அடங்காததாக இருந்தது. நோயுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று இறந்தது.

பிறந்து மூன்று நாளும் நிறையாத குழந்தை எந்த மருந்தையும் தவறாக உண்டதில்லை. அதன் உடலில் மருந்துக்கு அடங்காத கிருமி புகுந்தமைக்கு அதுவோ அதன் தாயோ பொறுப்பாகார். பிறர் பல ஆண்டுகளாகப் பொறுப்பின்றிப் பயன்படுத்திய மருந்தின் விளைவை அது ஏற்கிறது. ஊர்ப் பொதுக் குளத்தில் ஒருவர் இட்ட அழுக்கு மற்றவர் குடத்தில் வருவது போன்றதே இதுவும்.

கணக்கு எவ்வாறு வைக்கப்படுகிறது?

இக்கணக்கில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று படுக்கையருகே நர்ஸ் எழுதுவது. மற்றொன்று சோதனைச்சாலையில் எழுதப்படுவது.

முதலாவதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு மருத்துவமனையின் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதத்தில் இருவருக்கும், மற்றொன்றில் நால்வருக்கும் சிறுநீர்க் குழாய் வழியே தொற்று ஏற்பட்டது எனக் கொள்வோம். இரண்டாவதே மோசமானது என்று சொல்லத் தோன்றும். ஆனால் நாள்தோறும் எத்தனை பேருக்கு அக்குழாய் பொருத்தப்பட்டிருந்தது என்பதையும் எழுதிக் கூட்டினால், முதலாவதில் 400 குழாய் நாட்கள், இரண்டாவதில் 1,600 குழாய் நாட்கள் என்று தெரியவருகிறது. 1,000 நாட்களுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் முதலாவதில் 5, இரண்டாவதில் 2.5. ஆகவே குறை முதலாவதிலேயே மிகுதி. நோயை மட்டும் எண்ணினால் போதாது, நோய் வரக்கூடிய வாய்ப்பையும் எண்ண வேண்டும் என்பது இதனால் விளங்கும். விளைச்சலை மூட்டைக் கணக்கில் மட்டும் பேசாமல், ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று பேசுகிறோம் அல்லவா? அதுவே முறை.

இரண்டாவது, சோதனைச்சாலைக் கணக்கு. நோயாளியின் இரத்தம், சிறுநீர் அல்லது சீழ், மருந்து தொடங்குமுன் எடுத்து அனுப்பப்படுகிறது. அதிலுள்ள கிருமியை, ஊட்டம் கலந்த கூழ் பரப்பிய சிறு தட்டில் வளர்க்கின்றனர். வளர்ந்த கிருமியை மற்றொரு தட்டில் சீராகப் பரப்பி, வெவ்வேறு மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மீது வைத்து, உடல் வெப்ப அளவில் ஓரிரவு வைக்கின்றனர். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வட்டம் உண்டாகிறதோ, அந்த வட்டத்தின் அகலத்தை அளந்து அம்மருந்து பயன்படுமா என்று தீர்மானிக்கின்றனர். வில்லையின் விளிம்பு வரை கிருமி வளர்ந்திருந்தால் அம்மருந்து அந்நோயாளிக்குப் பயனற்றது. இத்தகைய முடிவுகளை ஆண்டு முழுவதும் தொகுத்தால், அந்த மருத்துவமனையில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து இன்னும் கேட்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். அப்பட்டியலைப் பார்த்தே புதிதாக வரும் நோயாளிக்கு முதல் மருந்தை டாக்டர் தேர்ந்தெடுக்க முடியும்.

கணக்கெழுதுவதனால் நோய் குறையுமா என்ற ஐயம் எழலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970-ம் ஆண்டுகளில் பல மருத்துவமனைகளை ஒப்பிட்டு நடத்திய பெரும் ஆய்வின் முடிவு 1985-ல் வெளியாயிற்று. தொற்றுகளை முறையாகக் கணக்கெடுத்து, அதற்கெனப் பயிற்சி பெற்ற நர்ஸையும் டாக்டரையும் அமர்த்தி, அறுவைச் சிகிச்சை செய்த டாக்டருக்கு அவருடைய கணக்கைத் தெரிவித்துத் தடுப்பு முறைகளையும் கையாண்ட மருத்துவமனைகளில், தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நம் நாட்டில் செய்யப்பட்டவை

சென்னையில் 2012-ல் மருத்துவச் சங்கங்கள் பல கூடி, மருந்துக்கு அடங்காமையை எதிர்க்க ஒரு திட்டத்தை வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்று அது வழங்குகிறது. 2013-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மருத்துவமனைச் சோதனைச்சாலைகளை இணைத்துக் கிருமிகளின் எதிர்ப்பைக் கண்காணிக்கும் அமைப்பைத் தொடங்கியது. 2017-ல் தேசியச் செயல் திட்டம் வெளியிடப்பட்டது. உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடை முதலியவற்றுக்குக் கோலிஸ்டின் என்னும் மருந்தைப் பயன்படுத்துவதை 2019-ல் மத்திய அரசு தடை செய்தது. மனிதருக்கு வேறெம்மருந்தும் கேளாதபோது கடைசியாகக் கையாளும் மருந்துகளுள் ஒன்று அது.

மருந்துக் கடைகளுக்கும் ஒரு கணக்கு விதிக்கப்பட்டுள்ளது. 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள எச்-1 அட்டவணை விதியின்படி, வலிமை மிக்க சில ஆன்டிபயாடிக் மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்றல் கூடாது. விற்றால் டாக்டரின் பெயர், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அம்மருந்தை டாக்டர் சொல்லாமல் உண்ணலாகாது என்பது பொருள். இதனை மக்களுக்கு உணர்த்த 2016-ல் மத்திய அரசு தனி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இக்கோட்டைக் கண்டுகொள்ளலாம்.

கணக்கு அறுபடும் இடம்

இனி, கிராமத்துக்கு வருவோம். நம் ஊர்த் தாய் ஒருத்திக்கு நகர மருத்துவமனையில் வயிற்றை அறுத்துக் குழந்தை எடுக்கப்படுகிறது எனக் கொள்வோம். சில நாட்களில் தாயும் சேயும் வீடு திரும்புகின்றனர். மருத்துவமனைப் பதிவேட்டில் 'நலமுடன் அனுப்பப்பட்டார்' என்று எழுதப்படுகிறது. அது உண்மையே. அன்று புண்ணில் குறையொன்றும் இல்லை.

ஒன்பதாம் நாளில் தையல் ஓரம் சிவக்கிறது. பதினோராம் நாளில் சீழ் கசிகிறது. நூறு ரூபாய் செலவு செய்து நகரத்துக்குப் போவானேன் என்று, வீட்டில் உள்ளவர்கள் மஞ்சளை அரைத்துப் பூசுகின்றனர். குறையாமற் போகவே, மருந்துக் கடையில் சொல்லி நான்கு மாத்திரை வாங்கி வருகின்றனர். சில நாள் அடங்கியது போல் இருந்து மீண்டும் சீழ் பிடிக்கிறது. பிறகு பக்கத்து ஊரில் வேறொரு டாக்டரிடம் காட்டி, பணம் செலவழித்துக் குணமாக்குகின்றனர்.

இதில் அந்தக் குடும்பம் பட்ட துன்பம் ஒன்று. அதனினும் பெரிது மற்றொன்று உண்டு. சிகிச்சை நடந்த மருத்துவமனைக்கு இச்செய்தி போய்ச் சேரவே இல்லை. அதன் கணக்கில் அந்தத் தாய் இன்னும் நலமாகவே இருக்கிறாள். அங்கே கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரம் பழுதாகி இருந்திருக்கலாம். கை கழுவத் தண்ணீர் இல்லாமற் போயிருக்கலாம். வேறு ஊர்களிலும் நான்கு தாய்மாருக்கு அதே வாரத்தில் அவ்வாறே புண் பழுத்திருக்கலாம். ஐந்து செய்திகளும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் குறையை மறு வாரமே கண்டிருப்பர். ஐந்தும் ஐந்து வீடுகளிலேயே தங்கிவிட்டமையால், அடுத்த மாதமும் அதே கருவி, அதே கை, அதே கிருமி.

அறுவைச் சிகிச்சைப் புண்ணுக்குக் கணக்கு 30 நாள் என்று மேலே கூறினோம். மருத்துவமனையில் தங்குவதோ சில நாள். பிரசவ அறுவைச் சிகிச்சைக்குப் பின் தோன்றும் சீழ்ப் புண்களில் பெரும்பாலானவை வீடு திரும்பிய பிறகே தோன்றுகின்றன. ஆகவே மருத்துவமனை எவ்வளவு கவனமாகக் கணக்கெழுதினாலும், கிராமத்தின் துணையில்லாமல் அக்கணக்கு நிறைவு பெறாது. அடங்கலின் பாதி ஏடுகளைக் கிழித்துவிட்டு விளைச்சலைக் கூட்டுவது போல ஆகிவிடும்.

புதிய செலவு வேண்டியதில்லை

இக்குறையை நீக்கப் புதிய ஊழியர்களோ பெருந்தொகையோ தேவையில்லை என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. பிரசவித்த தாயையும் சேயையும் 42 நாட்கள் வரை வீடு தேடிச் சென்று பார்ப்பது தாய்சேய் நலப் பணியில் ஏற்கெனவே உள்ளது. முப்பது நாள் இந்த நாற்பத்திரண்டுக்குள் அடங்கிவிடுகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது புண்ணையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுதல் வேண்டும். கூச்சத்தால் மறைத்தல் கூடாது. சிவப்பு, வீக்கம், சூடு, நாளுக்கு நாள் மிகும் வலி, சீழ் அல்லது துர்நாற்றமுள்ள கசிவு, தையல் விட்டுப்போதல், ஜுரம் ஆகியவற்றுள் எது கண்டாலும், கண்ட நாளையும் சிகிச்சை நடந்த நாளையும் மருத்துவமனையின் பெயரையும் குறித்து, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் வாயிலாகச் சிகிச்சை நடந்த மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். மருந்து தொடங்குமுன் சீழைச் சோதனைக்கு அனுப்ப முடிந்தால் மிக நன்று.

குழந்தையையும் உடன் கவனிக்க வேண்டும். பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடுதல் அல்லது காய்தல், மூச்சு விரைதல், சோர்ந்து கிடத்தல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் ஆகியவை ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாத அறிகுறிகள்.

குடலிறக்கம், எலும்பு முறிவு முதலியவற்றுக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் ஆடவரைச் செவிலியர் தேடி வரும் ஏற்பாடு இல்லை. அவர்கள் மருத்துவமனையில் கொடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, புண்ணில் குறை கண்டால் முதலில் சிகிச்சை பெற்ற இடத்துக்கே செல்ல வேண்டும். முடியாதபோது வேறிடத்தில் காட்டினாலும், பழைய மருத்துவமனைக்கு ஒரு செய்தியாவது அனுப்ப வேண்டும்.

குற்றம் சாட்டுவதற்கன்று

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். இக்கணக்கு யாரையும் தண்டிப்பதற்காக வைப்பதன்று. தண்டனைக்கு அஞ்சினால் நர்ஸும் எழுதமாட்டார், டாக்டரும் சொல்லமாட்டார். தொற்றே இல்லை என்று சொல்லும் மருத்துவமனையைவிட, நூற்றுக்கு இத்தனை என்று துணிந்து எழுதும் மருத்துவமனையே நம்பத் தக்கது. முன்னது தேடிப் பாராமல் இருந்திருக்கலாம். கணக்கெடுக்கத் தொடங்கிய முதலாண்டில் எண்ணிக்கை உயர்வது இயல்பு. நோய் மிகுந்ததனால் அன்று, கண் திறந்ததனால். ஊர்ப் பெரியோர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் இதை உணர்ந்து, புண் பழுத்த செய்தியைச் சண்டைக்குரிய குறையாகக் கொண்டு செல்லாமல், திருத்தத்துக்குரிய தகவலாகக் கொண்டு சேர்த்தால் நன்மை விளையும். அதே சமயம், அத்தகவலைப் பெற்ற மருத்துவமனை அதற்கு விடையளிக்கவும், என்ன திருத்தம் செய்யப்பட்டது என்று தெரிவிக்கவும் கடமைப்பட்டது. செவிமடுக்காத இடத்தில் யாரும் இரண்டாம் முறை சொல்லமாட்டார்கள்.

நாம் ஒவ்வொருவரும் செய்யத்தக்கவை

மருத்துவமனையில் உறவினரைப் பார்க்கச் செல்வோர், அவரைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவ வேண்டும். சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதாயின் 40 முதல் 60 வினாடி, கைக்கு இடும் மருந்து நீராயின் 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும். கும்பலாகச் செல்வதும், படுக்கையில் அமர்வதும், பிறர் குழந்தையை வாங்கிக் கொஞ்சுவதும் தவிர்க்கத் தக்கன. டாக்டரோ நர்ஸோ தொட வரும்போது, 'கை கழுவினீர்களா, அம்மா?' என்று பணிவுடன் கேட்பதில் தவறில்லை. நல்ல ஊழியர் அதைத் தவறாகக் கொள்ளார்.

சளி, தும்மல், சாதாரண ஜுரம் ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. 'ஊசி போட்டால்தான் போகும்' என்று டாக்டரை வற்புறுத்துவதை விட்டொழிக்க வேண்டும். டாக்டர் குறித்த அளவில், குறித்த நாள் வரை மருந்தை உண்ண வேண்டும். சென்ற ஆண்டு மீந்த மாத்திரையை இவ்வாண்டு உண்பதும், அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும் கூடா. மாட்டுக்கு மடிநோய் கண்டாலும் கோழிக்குக் கழிச்சல் கண்டாலும் கால்நடை மருத்துவர் சொல்லாமல் இம்மருந்துகளை இடலாகாது. மருந்திட்ட மாட்டின் பாலை மருத்துவர் சொல்லும் நாள் வரை விற்பதும் தகாது.

ஊராட்சிக்கும் வேலை உண்டு. நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் குழாயில் தண்ணீர் வருகிறதா, கை கழுவுமிடத்தில் சோப்பு இருக்கிறதா, கழிவறை பயன்படும் நிலையில் உள்ளதா என்ற மூன்று கேள்விகளைக் கிராம சபைக் கூட்டந்தோறும் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதலாம். தண்ணீர் இல்லாத இடத்தில் கை கழுவச் சொல்லிப் பயனில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள், தங்கள் உறுப்பினருள் அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றவர் யார் என்று கேட்டு, முப்பது நாள் வரை அவரை விசாரித்து வரலாம். இதற்குப் பட்டப் படிப்பு வேண்டா. அக்கறை ஒன்றே போதும்.

வியன்னாவில் இரண்டு கூடங்களின் கணக்கை அருகருகே வைத்துப் பார்த்த ஒருவரால் நூற்றுக்கணக்கான தாய்மார் பிழைத்தனர். இன்று மருத்துவமனையின் ஏட்டையும் கிராமச் செவிலியரின் ஏட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துள்ளது. நம் வீட்டில் பழுத்த ஒரு புண்ணைப் பற்றி நாம் அனுப்பும் ஒரு வரிச் செய்தி, நாம் அறியாத வேறோர் ஊரில் ஒரு தாயின் உயிரைக் காக்கக் கூடும். அந்த ஒரு வரியை எழுதத் தவறாதிருப்போமாக.